ஓபஸ் 1 கச்சேரி நடத்த நினைப்பவர்களுக்கு: பட்ட பிறகு எழுதுவது

‘ஓபஸ் 1’, அதாவது இசையமைப்பாளர்களின் படைப்பு வரிசையில் முதல் எண் பெற்றவற்றை மட்டும் வைத்து, சில பேர் சேர்ந்து வாசிக்கும் ஒரு சேம்பர் மியூசிக் மாலை. கேட்கும்போதே ஆசை வரும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்துகொண்டு அந்த ஆசையை அடக்குவது இன்னும் கஷ்டம். ஷூமனின் ஓபஸ் 1-ஐ கிஸ்ட்னர், கிளாரா வீக்கின் ஓபஸ் 1-ஐ ஹோஃப்மைஸ்டர், இரண்டையும் 1831-இல் வெளியிட்டது இந்த ஊரில்தான். பிராம்ஸின் ஓபஸ் 1-ம் 1853-இல் இங்கேதான் பிரைட்கோப்ஃப் உண்ட் ஹேர்ட்டெல் வழியாக வந்தது. இப்படி ஒரு கச்சேரியைத் தனி ஆளாக இழுத்துப்போட்டு நடத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். வாசித்தவர்கள் அருமையாக வாசித்தார்கள், கேட்டவர்கள் திருப்தியாகப் போனார்கள். கணக்குப் பார்த்தால் தொள்ளாயிரம் யூரோ சொச்சம் கையை விட்டுப் போயிருந்தது. அதில் பாதிக்கு மேல், யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்கும். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் பணம் எங்கெங்கே ஒழுகும் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் தலைவலி தேர்வு. ‘ஓபஸ் 1’ ஒரு பட்டியல், ‘முதலில் அச்சானது’ இன்னொரு பட்டியல். பீத்தோவனின் ஓபஸ் 1 வியன்னாவில் ஆர்ட்டாரியா 1795-இல் வெளியிட்ட மூன்று பியானோ ட்ரையோக்கள் (பியானோ, வயலின், செல்லோ). ஆனால் சிறுவனாக இருக்கும்போதே, 1782-இல், டிரெஸ்லரின் ஒரு மார்ச்சை வைத்து அவர் எழுதிய வேரியேஷன்கள் (ஒரே மெட்டைப் பல விதமாக மாற்றி எழுதியவை) மன்ஹைமில் அச்சாகிவிட்டன. ஷோப்பானின் ஓபஸ் 1 ரோண்டோ 1825. ஏழு வயதில் எழுதிய போலோனைஸ் 1817-லேயே வார்சாவில் அச்சானது. டுவோர்ஷாக்கின் ஓபஸ் 1 குவிண்டெட் 1861-இல் எழுதியது, அவர் உயிரோடு இருந்தவரை அச்சைப் பார்க்கவே இல்லை. ஹைடனின் ஓபஸ் 1 என்பது பாரிஸில் லா ஷெவார்டியேர் 1764-இல் போட்ட குவார்ட்டெட் (இரண்டு வயலின், வயோலா, செல்லோ) தொகுப்பிலிருந்து வந்த எண்; ஹைடன் பாரிஸ் பக்கம் போனதே கிடையாது. அந்த ஓபஸ் 1-இல் ஐந்தாவதாக நிற்பது குவார்ட்டெட்டே அல்ல, காற்றுக் கருவிகளைக் கழற்றிவிட்ட ஒரு சிம்பனி. ஃபானி ஹென்ஸெலுக்குத் தன் பெயரில் ஓபஸ் 1 வந்தது 1846-இல், நாற்பது வயதில். அதற்கு முன்பே அவருடைய பாடல்கள் ஆறு, தம்பி ஃபீலிக்ஸ் மெண்டல்ஸோனின் ஓபஸ் 8, ஓபஸ் 9 தொகுப்புகளுக்குள் தம்பி பெயரிலேயே அச்சாகியிருந்தன. ஆகவே சுவரொட்டியில் எதைப் போடுகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ‘முதல் பிரசுரங்கள்’ என்று போட்டால் இடைவேளையில் யாராவது ஒரு பெரியவர் வந்து டிரெஸ்லர் வேரியேஷனைப் பற்றிக் கேட்பார், நிச்சயம். ‘ஓபஸ் 1’ என்று போட்டுவிட்டு, உள்ளே ஒரே வரியில் விளக்கம் கொடுப்பதுதான் பாதுகாப்பு. சுவரொட்டியை அச்சடித்த பிறகு தலைப்பை மாற்றினால் இரண்டாவது அச்சுச் செலவு.

எனக்குப் பிடிபட நாளான விஷயம் இது: ஓபஸ் 1 என்றால் கற்றுக்குட்டி வேலை, எளிதாக இருக்கும் என்ற நினைப்பு தவறு. சின்ன வயதில் எதையாவது எழுதிப் பழகியதெல்லாம் பெட்டிக்குள் கிடக்கும். எண் போட்டு வெளியே வருவது ‘நான் யார் பார்’ என்று காட்டுவதற்கான படைப்பு. அதை எழுதியவர் பெரும்பாலும் பியானோக்காரர், வாசிக்கப்போவதும் அவரே. விளைவு, பியானோ பாகம் கொடூரமாக இருக்கும். மெண்டல்ஸோன் பதின்மூன்று வயதில் எழுதிய சி மைனர் பியானோ குவார்ட்டெட்டில் வயலினும் வயோலாவும் செல்லோவும் நீள ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டிருக்க, பியானோ பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒத்திகையில் தந்திக்காரர்கள் இரண்டு அமர்வில் தயார்; பியானோக்காரர் இரண்டு மாதம் முன்பே உட்கார்ந்தாக வேண்டும். எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்று பேசினால் இங்கேதான் மனஸ்தாபம் தொடங்கும். பியானோவுக்குத் தனியாக, கூடுதலாகப் பேசிவிடுங்கள், அதையும் மற்றவர்களுக்குத் தெரியும்படி பேசுங்கள்.

நேரக் கணக்குக்கு வருவோம். நான் முதலில் போட்ட பட்டியல்: ஹைடன் ஓபஸ் 1 எண் 1, கிளாராவின் போலோனைஸ்கள், ஷூமனின் ஆபெக் வேரியேஷன்கள், மெண்டல்ஸோன் குவார்ட்டெட், இடைவேளை, ஆல்பன் பெர்க்கின் பியானோ சொனாட்டா, கோர்ன்கோல்டின் பியானோ ட்ரையோ, கடைசியில் பீத்தோவன் சி மைனர் ட்ரையோ. காகிதத்தில் கண்ணைப் பறிக்கும் பட்டியல். கூட்டிப் பாருங்கள்: ஹைடன் 16 நிமிடம், கிளாரா 9, ஷூமன் 8, மெண்டல்ஸோன் 29, பெர்க் 12, கோர்ன்கோல்ட் 31, பீத்தோவன் 30. இசை மட்டும் 135 நிமிடம். இசைத்தட்டின் உறையில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பக் கூடாது. திருப்பல்களை, அதாவது ஒரு பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லும் இடங்களை, பல பதிவுகளில் வாசிக்க மாட்டார்கள். பீத்தோவனில் முதல் மூவ்மெண்டின் திருப்பல் மட்டுமே மூன்று நிமிடத்தைச் சாப்பிடும். பெர்க்கில் திருப்பல் குறி அவர் போட்டது, விட்டுவிட்டால் படைப்பே சாய்ந்துவிடும், அதைத் தொடாதீர்கள். இதெல்லாம் போக, யாரும் கணக்கில் எடுக்காதது மேடை மாற்றம். குவார்ட்டெட்டுக்கு நாலு நாற்காலி, நாலு ஸ்டாண்ட். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தனிப் பியானோ. பிறகு மறுபடி மூன்று நாற்காலி, பக்கம் புரட்டுபவருக்கு ஒன்று. ஒவ்வொரு மாற்றமும் இரண்டு மூன்று நிமிடம். ஒரு மாலைக்கு இசை நூறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்ன்கோல்டை எடுத்தேன், கிளாராவில் இரண்டு போலோனைஸை எடுத்தேன், பீத்தோவனில் எந்த ட்ரையோ என்பதையும் மாற்றினேன். மூச்சு வந்தது. அதற்குள் கோர்ன்கோல்டுக்கு வாங்கிய நோட்டுக்கான காசு போனது போனதுதான்.

ஆட்களைப் பொறுத்தவரை, இந்தப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது: இரண்டாவது வயலின். ஹைடனுக்கு மட்டுமே அவர் தேவை. பதினாறு நிமிடத்துக்கு முழுச் சம்பளம், முழுப் பயணச் செலவு, அவருக்கும் ‘இதற்கா வந்தேன்’ என்ற கசப்பு. இதைத் தீர்க்க வழி, வயலின்காரர்கள் இருவரையும் சமமாக எடுத்துக்கொண்டு, ஹைடனில் முதல் வயலின் வாசித்தவருக்கு மெண்டல்ஸோன், இரண்டாவது வாசித்தவருக்கு பீத்தோவன் என்று பிரித்துக் கொடுப்பது. செல்லோக்காரர் மூன்றிலும் உட்கார வேண்டும், அவரை ஒத்திகை நாளில் கசக்கிவிடாதீர்கள். பியானோவை ஒருவர் தலையில் கட்டுவது நடக்காத காரியம். ஒருவர் கிளாரா, ஷூமன், பீத்தோவன். இன்னொருவர் மெண்டல்ஸோன், பெர்க். இரண்டு பேருக்கும் ஸ்டூல் உயரம் வேறாக இருக்கும்; ஒத்திகையிலேயே ஸ்டூலின் பக்கவாட்டில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்தால், மேடையில் குமிழைத் திருகித் திருகிச் சபையை இருமவைக்க வேண்டியதில்லை.

நோட்ஸ் விஷயத்தில் எல்லாரும் ஒரே பதிப்பை வைத்திருக்க வேண்டும் என்பது எழுத்தில் போட வேண்டிய நிபந்தனை. எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்றால், ஒருவர் நூறு வருடப் பழைய ஸ்கேனை இறக்கியிருப்பார், இன்னொருவர் புதிய ஊர்டெக்ஸ்ட் (மூலத்தை ஒட்டிய பதிப்பு) வாங்கியிருப்பார், மூன்றாமவர் டேப்லெட்டில் எதையோ வைத்திருப்பார். பழைய அச்சில் பார் எண் (தாளக் கட்டங்களின் வரிசை எண்) இருக்காது, இடத்தைக் காட்டும் ஒத்திகை எழுத்து இருக்கும். புதியதில் பார் எண் இருக்கும், எழுத்து இருக்காது. ‘நூற்றுப் பன்னிரண்டிலிருந்து’ என்று சொன்னால் இரண்டு பேர் விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். ஹைடனில் இன்னும் மோசம்: பழைய பதிப்பாளர்கள் தம் இஷ்டத்துக்கு ஸ்லர் (ஸ்வரங்களை இணைக்கும் கோடு), கிரெசெண்டோ (ஒலியை உயர்த்தும் குறி) எல்லாம் சேர்த்திருப்பார்கள், நாலு பேர் வில்லும் நாலு திசையில் போகும். முதல் ஒத்திகையில் ஒன்றரை மணி நேரம் வில் குறிகளை ஒழுங்குபடுத்துவதிலேயே கரைந்தது. ஒத்திகை அறைக்கு மணிக் கணக்கில் வாடகை. முதல் வயலின்காரரிடம் முன்பே கொடுத்து வில் குறி போடச் சொல்லி, அதை மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டால் இந்தச் செலவே கிடையாது. ஜெராக்ஸ் எடுப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் காப்புரிமை உள்ள இசை நோட்டை அனுமதியில்லாமல் பிரதி எடுப்பது சொந்த உபயோகத்துக்கும்கூடச் சட்ட விரோதம். இசையமைப்பாளர் இறந்து இருநூறு வருடம் ஆனாலும், ஆய்வுப் பதிப்பு என்றால் அந்தப் பதிப்புக்கு 25 வருடப் பாதுகாப்பு தனியாக உண்டு. ஆளுக்கு ஒரு பிரதி வாங்கும் காசைப் பட்ஜெட்டில் வைத்துவிடுங்கள்.

டேப்லெட் வைத்து வாசிப்பவர்கள் இருந்தால், பக்கம் புரட்டும் கால் பெடலையும் டேப்லெட்டையும் அதே மேடையில், அதே தூரத்தில் ஒத்திகையில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெண்டல்ஸோனுக்கு மட்டும், என்ன டேப்லெட் இருந்தாலும், மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டுவதுதான் நல்லது. ஸ்கெர்ட்ஸோ என்ற வேகமான பகுதியில் பெடல் ஒருமுறை இரண்டு பக்கம் தாண்டினால் திரும்பி வர வழியே இல்லை.

அரங்கம். எதிரொலி அதிகமான சிறு தேவாலயங்கள் வாடகைக்கு மலிவு, குவார்ட்டெட்டுக்கு அழகு, பியானோவுக்குச் சங்கடம். ஆபெக் வேரியேஷனில் ஒரு இடம் வரும். ஆபெக் (Abegg) என்ற பெயரின் எழுத்துகளையே ஏ, பி, இ, ஜி, ஜி என்று ஸ்வரமாக்கிய ஷூமன், இறுதிப் பகுதியில் அந்த ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே கார்டாக அடித்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்கிறார். ஒலி எழுவதால் அல்ல, ஒவ்வொன்றாக அடங்குவதால் பெயர் கேட்க வேண்டும். கடைசி ஜி-யை இரண்டாவது தடவை எப்படி எடுப்பது? விரல்தான் ஏற்கெனவே எழுந்துவிட்டதே! ஷூமனின் குறும்பு அது. இரண்டு விநாடிக்கு மேல் எதிரொலி உள்ள கூடத்தில் இந்த விளையாட்டு முழுக்கக் காணாமல் போய்விடும். எடுத்த ஸ்வரம் சுவரில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். கூடத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு பியானோக்காரரை அழைத்துப்போய் இந்த ஒரு கார்டை மட்டும் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். ஆட்கள் வந்து உட்கார்ந்தால் எதிரொலி குறையும் என்பது உண்மைதான், ஆனால் டிக்கெட் எத்தனை போகும் என்று யாருக்குத் தெரியும்?

பியானோ ஒலி மற்றவர்களை விழுங்கும் பிரச்சினைக்கு மூடியை இறக்குவதுதான் எல்லாரும் சொல்லும் மருந்து. முழுக்க மூடினால் சத்தம் குறைவதைவிட மங்குவதுதான் அதிகம். சின்னக் குச்சியில் நிறுத்தி, பியானோவை ஒரு மீட்டர் பின்னுக்குத் தள்ளி, தந்திக்காரர்களை முன்னால் கொண்டுவாருங்கள். பீத்தோவன் இதை எழுதியது ஐந்து ஆக்டேவ் மட்டுமே உள்ள, லேசான மரச் சட்டப் பியானோவுக்கு. இன்றைய கான்சர்ட் கிராண்டில் இடது கை தானாகவே கனத்துவிடும். மூன்று மீட்டர் நீளப் பியானோவை வாடகைக்குப் பிடிப்பதைவிட இரண்டு மீட்டர் சொச்சம் உள்ளது இந்தப் பட்டியலுக்குப் பொருத்தம், வாடகையும் தூக்குக் கூலியும் குறைவு.

சுருதி சேர்ப்பதில்தான் எனக்குப் பெரிய அடி. இங்கே ஏ ஸ்வரத்துக்கு 443 ஹெர்ட்ஸ் வழக்கம். வாடகைப் பியானோ 440-இல் வந்து இறங்கியது. மூன்று ஹெர்ட்ஸ்தானே என்று தோன்றும். ஏறக்குறைய 12 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). இருநூறு தந்திக்கு மேல் இழுவை ஏறும்போது, முதலில் சேர்த்தது கடைசித் தந்தியை முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். ஒரே நாளில் உயர்த்தி அன்றே கச்சேரி வைப்பது சூதாட்டம். வாடகைக்குக் கொடுப்பவரிடம் ‘443-இல் ஏற்கெனவே நிற்கிற பியானோ’ என்று எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தந்திக்காரர்களை 440-க்கு இறங்கச் சொல்லுங்கள்; முணுமுணுப்பார்கள், ஆனால் இறங்குவார்கள். அடுத்தது வெப்பநிலை. காலையில் கூடம் 14 டிகிரி, ட்யூனர் அதில் சேர்த்துவிட்டுப் போகிறார், மாலையில் ஹீட்டர் போட்டு 20 ஆனால் தந்தி தளர்ந்து சுருதி கீழே வரும், அதுவும் எல்லாத் தந்தியும் ஒரே அளவில் வராது. ஹீட்டரைக் காலையிலேயே போடச் சொல்லிக் கூடத்துக்குச் சில மணி நேரக் கூடுதல் காசு கொடுப்பது, ட்யூனரை மாலையில் அவசரமாகத் திரும்ப அழைப்பதைவிட மலிவு. இரண்டாவது தடவை வந்ததற்கு நூறு யூரோவுக்கு மேல் எழுதினார், வார இறுதிக் கட்டணமாம். கோபம் வந்தது, ஆனால் அவர் இல்லாவிட்டால் கச்சேரியே இல்லை.

வரிசைப்படுத்தும்போது ஒவ்வொரு படைப்பும் எப்படி முடிகிறது என்று பாருங்கள். பீத்தோவனின் சி மைனர் ட்ரையோவைக் கடைசியில் வைப்பதுதான் எல்லாருக்கும் தோன்றும். ஹைடன் ‘இதை வெளியிட வேண்டாம்’ என்று சொன்னதாகப் பீத்தோவனின் மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ் எழுதிவைத்த கதை அதற்குத்தான் உண்டு, நிகழ்ச்சிக் குறிப்பில் போட நன்றாக இருக்கும். ஆனால் அது சி மேஜருக்கு நழுவி, மெல்ல மெல்ல அடங்கி, பியானிஸ்ஸிமோவில், மிக மெல்லிய ஒலியில், முடிகிறது. பெர்க்கின் சொனாட்டாவும் அப்படியே அடங்கித்தான் முடியும். இடைவேளைக்குப் பிறகு இரண்டும் அடுத்தடுத்து வந்தால் சபை கைதட்டலாமா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசிக்கு ஈ-ஃப்ளாட் ட்ரையோ, எண் 1, சரியாகப் பொருந்தியது. அதன் இறுதிப் பகுதி பியானோவின் பெரிய தாவலில் தொடங்கி, துள்ளிக்கொண்டே போய், பளிச்சென்று முடியும். சி மைனர் வேண்டும் என்றால் இடைவேளைக்கு முன் வையுங்கள்.

காப்புரிமைக் கட்டணம் பற்றி. கோர்ன்கோல்ட் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எழுதி 1910-இல் அரங்கேறிய ட்ரையோ அது, நூறு வருடப் பழசு, இலவசம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்கு எழுதிய வருடத்திலிருந்து அல்ல, இறந்த வருடத்திலிருந்து. அவர் இறந்தது 1957, எழுபது வருடம் கூட்டினால் 2027 முடியும்வரை பாதுகாப்பு. பெர்க் இறந்தது 1935, ஆகவே பிரச்சினை இல்லை. பட்டியலில் ஒரே ஒரு படைப்பு பாதுகாப்பில் இருந்தாலும் இசை உரிமைக் கட்டணம் வசூலிக்கும் ‘கெமா’ அமைப்பில் கச்சேரிக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் பிடிபட்டால் இரட்டிப்பாகக் கேட்பார்கள். எல்லாமே பாதுகாப்பு முடிந்தவை என்றால் கட்டணம் இல்லை, ஆனால் விசாரணைக் கடிதம் வந்தால் காட்டுவதற்கு, இசைத்தவற்றின் முழுப் பட்டியலையும் இசையமைப்பாளர்களின் இறந்த வருடத்தோடு ஒரு தாளில் வைத்திருங்கள். கூடுதல் இசையையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள்.

டிக்கெட் விற்பனையில் நான் கற்றது, பீத்தோவனிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஓபஸ் 1-ஐ அவர் அச்சடித்துவிட்டு வாங்குவோரைத் தேடவில்லை; முன்கூட்டியே சந்தா சேர்த்தார். 123 பேர் 241 பிரதிகளுக்குப் பெயர் கொடுத்தார்கள், பிரதி ஒரு டுகாட் (தங்க நாணயம்). பட்டியலில் வியன்னாவின் பிரபுக்கள் வரிசையாக நின்றார்கள், லிக்னோவ்ஸ்கி இளவரசருக்குத்தான் சமர்ப்பணமே. வாசலில் விற்றுக்கொள்ளலாம் என்று நம்பினால் மழை பெய்த மாலையில் நாற்பது பேர்தான் வருவார்கள். கூடம் பேசுவதற்கு முன்பே முப்பது நாற்பது பேரிடம் முன்பணம் வாங்கிவிடுங்கள். அது பியானோ வாடகையை ஏற்கும். விளம்பரத்தில் ‘ஆரம்ப காலப் படைப்புகள்’ என்ற சொல்லைத் தவிருங்கள், மாணவர் நிகழ்ச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பீத்தோவன், மெண்டல்ஸோன் பெயர்களைப் பெரிதாகவும், வயதைப் பக்கத்தில் சின்னதாகவும் போட்டபோது விசாரிக்கும் ஃபோன் கூடியது.

கூடுதலாக ஒன்று வாசிக்கச் சொன்னால் என்ன செய்வது என்பதையும் முன்பே தீர்மானித்து வையுங்கள். இந்த மாலைக்கு ஓபஸ் 27-இலிருந்து எதையாவது எடுத்து வாசித்தால் கேலியாகிவிடும். எல்கரின் ஓபஸ் 1, வயலினும் பியானோவும் வாசிக்கும் ஒரு ரொமான்ஸ், ஐந்து நிமிடம். அவர் இறந்தது 1934, கட்டணம் கிடையாது. பீத்தோவன் முடிந்ததும் செல்லோக்காரர் மட்டும் எழுந்து போனால் போதும், மேடையில் வேறு எதையும் நகர்த்த வேண்டாம். நோட்டைப் பீத்தோவனுக்கு அடியிலேயே ஸ்டாண்டில் வைத்துவிடுங்கள்.